மாதிரி விமானங்களும் குறுக்குச் சுற்றும்: ஒரு வரலாறு

விளையாட்டுப் பொருள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒன்றினுள் எவ்வளவு ஆற்றல் அடங்கிக் கிடக்கிறது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் விடுமுறை நாட்களில் திறந்த வெளிகளை நாடிச் சென்று, வானொலி அலைகளால் இயங்கும் சிறு விமானங்களைப் பறக்கவிடும் இளைஞர் பலர் உளர். நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். அவ்விமானத்தின் வயிற்றில், உள்ளங்கையில் அடங்கிவிடும் பாட்டரி ஒன்று இருக்கிறது. அதன் இரு முனைகளும் தற்செயலாக ஒன்றையொன்று தொட்டுவிட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் கம்பி சிவக்கும், உறை புகையும், சில சமயங்களில் பாட்டரியே தீப்பற்றி எரியும். இவ்விபத்துக்குக் குறுக்குச் சுற்று என்று பெயர். இதனை விலக்கும் விதிகளை இக்கலையில் பழகியோர் மனப்பாடமாக ஒப்புவிப்பர். ஆயினும் அவ்விதிகள் எங்ஙனம் பிறந்தன, ஏன் பிறந்தன என்னும் வரலாறு அத்துணைப் பரவலாக அறியப்பட்டதன்று. விதியின் வரலாற்றை அறிந்தவனே விதியை மறவாமல் காப்பான். ஆதலின் அவ்வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் வேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோருக்குச் சொல்லின்மேல் கண் செல்வது இயல்பு. தீ விபத்துச் செய்திகளைத் தரும் நாளேடுகள், ஆங்கிலேயர் ஷார்ட் சர்க்யூட் எனக் கூறுவதைப் பெரும்பாலும் 'மின்கசிவு' என்று எழுதுகின்றன. கசிவு என்பது சிறுகச் சிறுக ஒழுகுவது. குறுக்குச் சுற்றோ அத்தகையதன்று. ஏரி நீர் மதகின் வழியே இறங்கி, வாய்க்காலில் ஓடி, வயலை நனைத்துப் பயன் தருவதைப் போன்றது முறையான மின்சுற்று. அதே ஏரியின் கரை உடைந்து நீர் முழுதும் பள்ளத்தை நோக்கிப் பாய்வதைப் போன்றது குறுக்குச் சுற்று. மோட்டாரைச் சுற்றிச் சென்று வேலை செய்யவேண்டிய மின்னோட்டம், தடையற்ற குறுக்குவழி ஒன்றைக் கண்டவுடன் மோட்டாரை விடுத்து அவ்வழியே பெருகிவிடுகிறது. கசிவு என்று எண்ணுவோர் சற்று நேரம் இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடும். உடைப்பு என்று அறிந்தோர் அதற்கு இடம் கொடார். எனவே இக்கட்டுரையில் குறுக்குச் சுற்று என்னும் சொல்லையே ஆளுவோம்.

மின்னாற்றலைச் சேர்த்து வைக்கும் கலை தோன்றிய அன்றே குறுக்குவழியின் கடுமையும் மனிதனுக்குப் புலப்பட்டுவிட்டது. 1746-இல் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் பேராசிரியர் முஷன்புரூக், நீர் நிறைந்த கண்ணாடிக் குடுவை ஒன்றில் மின்னேற்றம் செய்து ஆராய்ந்தார். ஒரு கையில் குடுவையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அதனுட்சென்ற உலோகத் தண்டைத் தொட்டதும், சேர்ந்திருந்த மின்னேற்றம் முழுவதும் உடலின் வழியே பாய்ந்தது. அவ்வதிர்ச்சியை இன்னொரு முறை பெற எந்த அரசைத் தந்தாலும் தாம் ஒப்புவதற்கில்லை என்னும் கருத்துப்பட அவர் நண்பருக்கு எழுதினார். சேர்த்து வைத்த மின்னாற்றல் எவ்வழி குறுகியதோ அவ்வழியே விரைந்து வெளியேறும் என்னும் உண்மையை, மனித உடலே அன்று முதற்பாடமாகக் கற்றது.

லைடன் குடுவை ஒரே வீச்சில் வற்றிவிடும். நீடித்து மின்னோட்டம் தரும் கருவியை உலகுக்கு அளித்தவர் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா. துத்தநாகத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து அவர் அமைத்த அடுக்கைப் பற்றிய கடிதம் 1800 மார்ச் 20-ஆம் நாளிட்டது. இன்றைய பாட்டரிகள் யாவற்றுக்கும் அதுவே மூதாதை. அதன் முனைகளைக் கம்பியால் இணைத்தாலும் பெருந்தீங்கு எதுவும் நேர்ந்துவிடாது. ஏனெனில் அவ்வடுக்கின் உள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை மிகுதியாக இருந்தது. இதனை அகத்தடை என்பர். 1827-இல் ஜெர்மானியர் ஓம், மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிட்டும் என்னும் விதியை வெளியிட்டார். 1840-ஐ ஒட்டி ஆங்கிலேயர் ஜூல், கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்து வளர்வதைக் கண்டறிந்தார். மின்னோட்டம் பத்து மடங்காயின் வெப்பம் நூறு மடங்காகும். இவ்விரு விதிகளையும் சேர்த்து நோக்கினால், குறுக்குச் சுற்றின் இலக்கணம் முழுவதும் விளங்கிவிடும். அகத்தடை மிக்க பாட்டரி தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அகத்தடை குறைந்த பாட்டரியைப் பிறர்தாம் காத்தல் வேண்டும்.

பாட்டரியின் பிற்கால வரலாறு முழுவதும் அகத்தடையைக் குறைத்துவந்த வரலாறே எனலாம். 1859-இல் பிரெஞ்சுக்காரர் பிளாண்டே, ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் இட்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க பாட்டரியைக் கண்டார். இன்றும் மோட்டார் கார்களைக் கிளப்பும் ஈய அமில பாட்டரி அதன் வழி வந்ததே. அது வேண்டும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை வாரி வழங்கும். அதன் இரு முனைகளுக்கிடையே திருப்புளியைத் தவறவிட்ட தொழிலாளர் அதன் வன்மையை அறிவர். மின்விளக்குகள் நகரங்களில் பரவத் தொடங்கியபோது இவ்வாபத்து வீடுகளுக்குள்ளும் வந்தது. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் வருங்கால் தான் உருகி அறுந்து வீட்டைக் காக்கும் ஃபியூஸ் கம்பி அக்காலத்தில் வழக்கிற்கு வந்தது. அதற்கான காப்புரிமை ஒன்றை எடிசன் 1890-இல் பெற்றார்.

மின்னாற்றலால் வானில் செல்லும் முயற்சியும் அக்காலத்ததே. 1883 அக்டோபர் 8-ஆம் நாள் பாரிஸ் நகருக்கருகில் கஸ்தோன் திசாந்தியே என்பவர், ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்ட மோட்டாரையும் 24 பைக்ரோமேட் மின்கலங்களையும் ஏற்றிக்கொண்டு வான்கப்பல் ஒன்றில் பறந்தார். அடுத்த ஆண்டு, 1884 ஆகஸ்ட் 9-இல், ரெனார், கிரெப்ஸ் என்னும் இரு படை அலுவலர் 'லா ஃபிரான்ஸ்' என்னும் வான்கப்பலில் 23 நிமிடங்களில் 8 கிலோமீட்டர் பறந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்து இறங்கினர். அதன் பாட்டரியின் எடை மட்டும் 435 கிலோகிராம். பறப்பதற்கு ஏற்ற பாட்டரி எடை குறைந்ததாகவும் மின்னோட்டத்தைத் தாராளமாகத் தருவதாகவும் இருத்தல் வேண்டும் என்பது அன்றே தெளிவாயிற்று. இவ்விரு பண்புகளுமே குறுக்குச் சுற்றைக் கொடியதாக்கும் பண்புகளும் ஆகும் என்பது பின்னர்த்தான் விளங்கியது.

கம்பியின் தொடர்பின்றித் தொலைவிலிருந்து ஒரு பொருளை இயக்கும் கலையில் நம் நாட்டவர்க்கும் பெருமைக்குரிய பங்குண்டு. 1894, 95 ஆண்டுகளில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளைக்கொண்டு தொலைவில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். 1898-இல் நியூயார்க் நகரில் நிக்கோலா டெஸ்லா, நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகு ஒன்றை வானொலி அலைகளால் திருப்பியும் நிறுத்தியும் கண்டோரை வியப்பில் ஆழ்த்தினார். அப்படகின் மோட்டாரும் சுக்கானும் அதனுள்ளிருந்த பாட்டரியால் இயங்கின. பொழுதுபோக்காக மாதிரி ஊர்திகளை இயக்குவோர் அனைவர்க்கும் அப்படகே முன்னோடி.

வானொலியால் இயங்கிய மாதிரி விமானம் பறந்து வெற்றி கண்டது 1937-இல். அமெரிக்காவில் கலமஸூ என்னும் ஊரில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் உடன்பிறந்தார் இருவர் 'கஃப்' எனப் பெயரிட்டுக் கட்டிய அவ்விமானம் இன்று ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் இருக்கிறது. அதனைப் பறக்கவிட்டது பெட்ரோல் எஞ்சின். பாட்டரிகளின் வேலை வானொலிக் கருவிக்கு மின்சாரம் தருவது மட்டுமே. அக்காலத்து வானொலிக் கருவிகள் வால்வுகளால் ஆனவை. மின்சாரம் எட்டாத நம் சிற்றூர்களில் வழங்கிய பாட்டரி ரேடியோவை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வால்வின் இழையைச் சூடாக்க ஏறத்தாழ ஒன்றரை வோல்ட்டும், வால்வினுள் மின்னோட்டம் நிகழ 90 வோல்ட்டும் அதற்கு வேண்டியிருந்தன. பெரிய பாட்டரியின் முனை தவறிச் சிறிய இழையைத் தொட்டுவிட்டால் வால்வுகள் அனைத்தும் ஒரு நொடியில் கருகிப்போகும். ஆகவே அப்பாட்டரிகளின் பிளக்குகளைத் திசைமாற்றிச் செருக இயலாதபடி, துளைகளின் பருமனையும் இடத்தையும் வேறுபடுத்தி அமைத்தனர். மனிதன் மறந்தாலும் பிளக் மறவாது என்னும் இக்கொள்கை பின்னாளில் மாதிரி விமானங்களுக்கும் பெரிதும் உதவிற்று.

மின்சார மோட்டாரே புரொப்பெல்லரைச் சுழற்ற, வானொலியால் வழிநடத்தப்பெற்ற விமானம் பறந்ததாக முறையாகப் பதிவானது 1957 ஜூன் 30-ஆம் நாள். இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவரின் 'ரேடியோ குவீன்' என்னும் விமானமே அது. அதனுள் இருந்தது வெள்ளி–துத்தநாக பாட்டரி. எடை குறைவு, ஆற்றல் மிகுதி. விலையோ எட்டாத உயரம். 1960-ஐ ஒட்டி ஜெர்மனியில் ஃபிரெட் மில்லிட்கி என்பவர் வடிவமைத்த மின்விசை மாதிரி விமானம் கடைகளில் விற்பனைக்கே வந்தது. அவரது வடிவமைப்பைத் தழுவி 1973 அக்டோபரில் ஆஸ்திரியாவில் மனிதன் ஏறிய மின்விமானமே சில நிமிடங்கள் பறந்தது. அதனைத் தூக்கிச் சென்றவை நிக்கல்–காட்மியம் பாட்டரிகள். சுவீடன் நாட்டு யுங்னர் 1899-இலேயே கண்டுபிடித்த இவ்வகை, 1970-ஆம் ஆண்டுகளுக்குப் பின் மாதிரி விமானம் விடுவோரின் நம்பிக்கைக்குரிய துணையாயிற்று.

நிக்கல்–காட்மியம் பாட்டரி கரடுமுரடானது, எளிதில் சாகாது. ஆனால் கைவிளக்கில் இடும் சாதாரண உலர் மின்கலத்தை நோக்க அதன் அகத்தடை மிகக் குறைவு. உலர் மின்கலத்தின் முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால் கம்பி சூடேறும். சிறிது நேரத்தில் மின்கலம் தளர்ந்துபோகும். நிக்கல்–காட்மியம் அடுக்கின் முனைகளை அவ்வாறு இணைத்தால் கம்பியின் காப்புறை உருகி வழியும். கம்பியோடு கம்பி பற்றிக்கொள்ளும். கருவிப்பெட்டியில் திருப்புளி, ஆணிகளோடு பாட்டரியைப் போட்டுவைத்தல் ஆகாது, பாட்டரியைச் சட்டைப்பையில் சில்லறைக் காசுகளோடு வைத்தல் ஆகாது என்னும் எச்சரிக்கைகள் இவ்வகைப் பாட்டரிகளோடு பழகிய காலத்திலேயே வலுப்பெற்றன. ஆயினும் தீங்கு பெரும்பாலும் கம்பியோடும் கைவிரலோடும் நின்றது.

அவ்வெல்லையைத் தாண்டச் செய்தது லித்தியம். உலோகங்களுள் மிக இலேசானதாகிய லித்தியத்தைக்கொண்டு மீண்டும் மின்னேற்றத்தக்க பாட்டரி அமைக்கும் பணியை 1970-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் விட்டிங்ஹாம் தொடங்கினார். தூய லித்தியத்தைப் பயன்படுத்தியதில் ஓர் இடர் தோன்றிற்று. ஒவ்வொரு முறை மின்னேற்றும்போதும் லித்தியம் ஊசிபோன்ற கிளைகளாக வளர்ந்து, இடையிலுள்ள மெல்லிய பிரிப்புத் திரையைத் துளைத்து மறுபுறத்தைத் தொட்டுவிடும். வெளியே யாதொரு கம்பியும் படாமல் பாட்டரியினுள்ளேயே குறுக்குச் சுற்று நேரும், தீப்பற்றும். 1980-இல் குடினஃப் ஆக்ஸ்ஃபர்டில் கோபால்ட் ஆக்ஸைடைப் பயன்படுத்தும் வழியைக் கண்டார். 1985-இல் ஜப்பானில் யோஷினோ தூய லித்தியத்தை அறவே நீக்கிக் கார்பன் பொருளைப் பயன்படுத்தினார். புதிய பாட்டரியின்மேல் கனமான இரும்புத் துண்டை விழச் செய்து அவர் சோதித்தார், ஒன்றும் நேரவில்லை. தூய லித்தியம் கொண்ட பாட்டரியோ அதே சோதனையில் கடுமையாக வெடித்தது. 1991-இல் லித்தியம் அயனி பாட்டரி சந்தைக்கு வந்தது. இம்மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. குறுக்குச் சுற்றை அடக்கும் முயற்சியே அப்பரிசின் வரலாற்றில் பெரும்பகுதி என்று கூறினும் மிகையாகாது.

மாதிரி விமானம் விடுவோர் விரும்பிக் கொண்டது இதன் ஒரு கிளையாகிய லித்தியம் பாலிமர் பாட்டரி. எடையைக் குறைக்கும் பொருட்டு இதற்கு இரும்புக் கூடு கிடையாது. மென்மையான அலுமினியப் பூச்சுத் தாளே உறை. அகத்தடையும் மிக மிகக் குறைவு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பலரும் பயன்படுத்தும் மூன்று மின்கலப் பாட்டரி நிறைய மின்னேறிய நிலையில் 12.6 வோல்ட் கொண்டது. மின்கலங்களின் அகத்தடையும் கம்பியின் தடையும் சேர்ந்து 0.02 ஓம் எனக் கொள்வோம். குறுக்குச் சுற்று நேர்ந்தால், ஓம் விதிப்படி அக்கணத்தில் பாயக்கூடிய மின்னோட்டம் 630 ஆம்பியர். அதனால் வெளிப்படும் வெப்பத்திறன் ஏறத்தாழ 8,000 வாட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் எட்டை ஒரே இடத்தில், உள்ளங்கையளவு பொருளுக்குள்ளும் அதன் கம்பிகளுக்குள்ளும் குவித்ததற்கு அது ஒப்பாகும். வோல்ட் குறைவுதானே, ஷாக் அடிக்காதே என்று எண்ணி அலட்சியம் செய்வோர் இக்கணக்கை நினைவில் இருத்துதல் நலம்.

வெப்பம் ஏறியபின் நிகழ்வதும் அறியத்தக்கது. மின்கலத்தின் உள்ளே இரு முனைத் தகடுகளையும் பிரித்துவைக்கும் திரை மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆனது. ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸில் அது உருகத் தொடங்கும். திரை சிதைந்தால் உள்ளே புதிய குறுக்குச் சுற்றுகள் பல பிறக்கும். உள்ளிருக்கும் கரைப்பான் எளிதில் எரியும் நீர்மம். சூடு இன்னும் ஏறினால் தகட்டிலுள்ள ஆக்ஸைடே உயிர்வளியை வெளிவிடும். வெப்பம் வேதிவினையை விரைவுபடுத்த, வேதிவினை மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்க, இவ்வட்டம் அடங்காமல் சுழலும். பாட்டரி பலூனைப்போல் உப்பிப் பின்னர்த் தீயைக் கக்கும். அப்புகை நச்சுத்தன்மை உடையது. எனவே புகை கண்டவுடன் பாட்டரியைக் கையால் எடுக்க முயல்வதைவிட, அறையிலுள்ளோரை, முக்கியமாகக் குழந்தைகளை, வெளியேற்றுவதே முதற்கடமை.

வீட்டுக்கு இருப்பதுபோல் விமானத்துக்கும் ஃபியூஸ் வைத்தால் என்ன என்னும் கேள்வி எழலாம். ஃபியூஸ் எடையையும் தடையையும் கூட்டும் என்பது ஒருபுறமிருக்க, பல விமானங்களில் மோட்டாருக்கும் வானொலிக் கருவிக்கும் ஒரே பாட்டரியே மின்சாரம் தருகிறது. வானில் ஃபியூஸ் அறுந்தால் விமானம் கட்டுப்பாடின்றி எவர் தலைமேலும் விழக்கூடும். அன்றியும் ஃபியூஸுக்கு முன்னாலுள்ள கம்பியில் நேரும் குறுக்குச் சுற்றை அந்த ஃபியூஸ் தடுக்காது. ஆகவே இக்கலையில் பழக்கமே ஃபியூஸாக இருத்தல் வேண்டியதாயிற்று.

அப்பழக்கங்களுள் தலையாயது, ஒரு நேரத்தில் ஒரு கம்பி என்பது. பாட்டரியின் கனெக்டரை மாற்ற எண்ணுவோன் சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் சேர்த்து ஒரே வெட்டில் கத்தரித்தால், வெட்டுக்குறட்டின் இரும்பு அலகே இரண்டையும் இணைத்துவிடும். அலகில் பள்ளம் விழும். தீப்பொறி கண்ணை நோக்கித் தெறிக்கும். முதலில் ஒரு கம்பியை மட்டும் வெட்டி, அதனைப் புதிய கனெக்டரில் ஈயம் இட்டுப் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடிய பின்னரே அடுத்த கம்பியைத் தொடவேண்டும். வேலையின்போது மோதிரமும் உலோகக் கைக்கடிகாரப் பட்டையும் கழற்றி வைக்கப்படவேண்டும். பொன் நல்ல மின்கடத்தி என்பதைப் பாட்டரி நன்கு அறியும்.

அடுத்தது, மின்னேற்றும் கம்பியைப் பற்றியது. சார்ஜரில் செருகும் முனையில் சிவப்பும் கறுப்புமாக இரு தனித்தனிச் செருகிகள், மூடப்படாத உலோகத்தோடு இருக்கும். அக்கம்பியின் மறுமுனையை முதலில் பாட்டரியில் இணைத்துவிட்டால், தொங்கும் இரு செருகிகளும் மேசைமேல் ஒன்றையொன்று தொட்டுவிடும். எனவே இணைக்கும்போது சார்ஜர் முதலில், பாட்டரி பின்னர். கழற்றும்போது பாட்டரி முதலில், சார்ஜர் பின்னர். இவ்வரிசை மாறாதிருந்தால் இவ்விபத்துக்கு இடமே இல்லை.

மூன்றாவது, கனெக்டரின் அமைப்பு. நம் வீட்டுச் சுவரில் மின்சாரம் உள்ள பக்கம் துளையாகவும், கருவியின் பக்கம் ஊசியாகவும் இருப்பதை நோக்குக. உயிருள்ள பக்கத்தில் உலோகம் வெளியே நீட்டிக்கொண்டிருத்தல் கூடாது என்பதே அதன் நியாயம். பாட்டரியிலும் அவ்வாறே உலோகம் உள்ளடங்கிய குழிவாய்ப் பக்கத்தையே பொருத்தவேண்டும். இன்று பரவலாக வழங்கும் மஞ்சள் நிற எக்ஸ்டி–60 போன்ற கனெக்டர்கள் நைலான் கூட்டினுள் உலோகத்தை அடக்கி, ஒரு பக்கம் சரிவாக வெட்டப்பட்டுத் திசைமாறிச் செருக இயலாதபடி அமைந்தவை. பழைய வால்வு ரேடியோவின் பிளக்கில் நாம் கண்ட கொள்கையே இது. கனெக்டரைப் பொருத்தும்போது பட்டென்று தோன்றும் சிறு பொறியைக் கண்டு பலர் அஞ்சுவர். அது வேகக் கட்டுப்படுத்தியிலுள்ள மின்தேக்கிகள் நிரம்புவதால் உண்டாவது. குறுக்குச் சுற்று அன்று. ஆனால் பொறி தொடர்ந்து நீடித்தாலோ, கம்பி சூடேறினாலோ உடனே பிரித்துவிடவேண்டும்.

நான்காவது, பலர் அறியாத ஒன்று. இக்காலத்து விமானங்களின் உடலும் கைகளும் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனவை. அதனைப் பிளாஸ்டிக் என்று கருதுவோர் உண்டு. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். அதன் கூரிய விளிம்பில் கம்பி உராய்ந்து உராய்ந்து காப்புறை தேய்ந்தால், விமானத்தின் எலும்புக்கூடே குறுக்குவழி ஆகிவிடும். கம்பி செல்லும் இடங்களில் ரப்பர் வளையமோ துணிப்பட்டையோ இடுவது இதற்குப் பரிகாரம். விமானம் விழுந்து அடிபட்டால் பாட்டரியை உடனே வீட்டுக்குள் கொண்டுசெல்லாமல், எரியும் பொருள் இல்லாத திறந்த வெளியில் வைத்துக் கவனித்தல் வேண்டும். உள்ளே நேர்ந்த காயம் சிறிது நேரம் கழித்தும் வெளிப்படலாம். உப்பிய பாட்டரியை மீண்டும் மின்னேற்றுதல் அறவே கூடாது.

இவை விளையாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பாடங்கள் அல்ல. 2010 செப்டம்பர் 3-ஆம் நாள் துபாயில் சரக்கு விமானம் ஒன்று, லித்தியம் பாட்டரிகளும் இருந்த சரக்கில் தீப்பற்றி வீழ்ந்தது. விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். 2013 ஜனவரியில் போயிங் 787 வகைப் பயணி விமானங்கள் இரண்டில், ஒன்று பாஸ்டனிலும் மற்றொன்று ஜப்பானிலுமாகப் பாட்டரிகள் புகைந்தன. உலகெங்கும் அவ்வகை விமானங்கள் தரையில் நிறுத்தப்பெற்றன. ஏர் இந்தியாவிடம் அப்போதிருந்த ஆறும் அவற்றுள் அடங்கும். பாஸ்டன் நிகழ்ச்சிக்கு ஒரு மின்கலத்தின் உட்புறக் குறுக்குச் சுற்றே காரணம் என்று அமெரிக்க விசாரணை முடிவு கூறிற்று. பாட்டரியை உறுதியான எஃகுப் பெட்டியில் அடைத்து, புகை வெளியே செல்ல வழி அமைத்த பின்னரே அவை மீண்டும் பறந்தன. 2016 ஏப்ரல் முதல், பயணி விமானங்களில் லித்தியம் அயனி பாட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவதைப் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு தடை செய்தது.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம்மவர்க்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. பிள்ளையின் விமானத்தையும் உதிரிப் பாட்டரிகளையும் பெட்டியில் திணித்துச் சரக்கறைக்கு அனுப்பிவிடுவது தவறு. உதிரிப் பாட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்லவேண்டும். முனைகளை ஒட்டுப்பட்டையால் மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் இடவேண்டும். 100 வாட்–மணி வரையுள்ளவற்றுக்கே பொதுவாக இடமுண்டு. அதற்கு மேற்பட்டு 160 வரையுள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மேலே நாம் கணக்கிட்ட பாட்டரி 2,200 மில்லி ஆம்பியர்–மணி கொண்டதாயின் அதன் அளவு ஏறத்தாழ 24 வாட்–மணியே. சரக்கறையில் தீ தோன்றினால் அணைப்பார் இல்லை. பயணியர் அறையில் தோன்றினால் கண்டு குளிர்விக்க ஆள் உண்டு. இதுவே அவ்விதியின் காரணம். இரயில் பயணத்திலும் இதே முறையைக் கைக்கொள்வதால் இழப்பு ஒன்றுமில்லை.

குறுக்குச் சுற்றுக்குப் பாட்டரிதான் வேண்டும் என்பதும் இல்லை. டில்லியில் சுதந்திர தினத்தை ஒட்டிப் பட்டம் விடும் காலத்தில், உலோகப் பூச்சுள்ள மாஞ்சாக் கயிற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று மின்வழங்கு நிறுவனங்கள் மக்களை எச்சரிப்பதை அங்கு வாழ்வோர் அறிவர். இரு மின்கம்பிகளுக்குக் குறுக்கே அக்கயிறு விழுந்தால் ஒரு வட்டாரமே இருளில் மூழ்கும். கயிற்றைப் பிடித்த சிறுவனின் உயிருக்கும் ஆபத்து. தாளும் மூங்கிலும் கொண்ட பட்டமாயினும், கார்பன் இழையும் லித்தியமும் கொண்ட விமானமாயினும், வானத்தை நாடும் விளையாட்டுக்கு நீதி ஒன்றே: மின்னோட்டத்துக்குக் குறுக்குவழி காட்டாதிருத்தல்.

வோல்ட்டா நாள் முதல் இன்றுவரை அறிஞர் பெருமக்கள் பாட்டரியின் அகத்தடையைக் குறைக்கவே அரும்பாடுபட்டு வந்துள்ளனர். அதன் பயனாகவே கையளவு பாட்டரி ஒன்று விமானத்தைத் தூக்கிச் செல்கிறது. பண்டைய மின்கலத்துக்கு இயற்கை அளித்திருந்த காவல் அவ்வெற்றியினாலேயே நீங்கிவிட்டது. நீங்கிய காவலை மனிதனின் கவனமே நிரப்பவேண்டும். அக்கவனம் அறிவியல் மேதைகளுக்கு உரியதன்று. ஒரு கம்பியை வெட்டி மூடியபின் மறு கம்பியைத் தொடும் பொறுமை மட்டுமே. மாதிரி விமானக் கலை நம் இளைஞர்க்கு இயந்திர நுணுக்கத்தையும் கைத்திறனையும் கற்றுத்தரும் சிறந்த கலை. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு அதனைப் பயிற்சியின் பகுதியாகவே கொண்டுள்ளது. அதனை அஞ்சி விலக்கவேண்டுவதில்லை. மேசையின்மேல் பாட்டரியை வைத்துப் பிள்ளை வேலை செய்யும்போது, பெற்றோரும் சற்று அருகில் அமர்ந்து இவ்விதிகளையும் அவற்றின் வரலாற்றையும் எடுத்துக் கூறுவார்களாயின், அவ்விளையாட்டு கல்வியாகும். வீடும் காவல் பெறும்.